பதில் வந்தால் வார்த்தை

மதுரை வெயிலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஃபேனை அணைத்துவிட்டு நாலைந்து பேர் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கோச்சடைப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பார்க்கலாம்.

கரன்ட் போகவில்லை. வேண்டுதலும் இல்லை. ஃபேன் ஓடினால் புள்ளி பறந்துவிடும்... அதுதான் விஷயம்.

சொல்கிறேன்.

எழுத்துகளை அடுக்கி வார்த்தை சேர்க்கிற விளையாட்டு ஒன்று உண்டு. கட்டம் போட்ட பலகை, பையில் எழுத்து வில்லைகள். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து, பலகையில் ஏற்கெனவே இருக்கிற வார்த்தையோடு இணைத்து இணைத்து வைக்க வேண்டும். ஆங்கிலக்காரர்களுக்குச் சுலபம். எழுத்தே இருபத்தாறுதான். நமக்கு? க, கா, கி, கீ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை செய்தால், விளையாட உட்காரும்போது சாக்கைத்தான் அவிழ்க்க வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் கண்ணன்தான் வழி கண்டுபிடித்தான். பெயர்ப்பலகை வெட்டியதில் மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகளில் க, ச, ட, த, ப என்று மூல எழுத்துகளை மட்டும் ஒட்டினான். புள்ளி, கால், கொம்பு, கொக்கி எல்லாவற்றையும் கண்ணாடி போன்ற மெல்லிய ஷீட்டில் அச்சடித்து, துண்டு துண்டாக வெட்டி, ஒரு சில்வர் கிண்ணத்தில் போட்டான். 'க' வில்லைமேல் கொக்கியை வைத்தால் 'கி'. புள்ளியை வைத்தால் 'க்'. பலகை? பழைய ஃப்ளெக்ஸ் ஒன்றின் பின்பக்கம். முன்பக்கத்தில் யாரோ ஒருவர் இன்னமும் நம்மை வணங்கி வரவேற்றுக்கொண்டிருக்கிறார். நாம் அவர் முதுகில் விளையாடுகிறோம்.

ஒன்று கவனித்தேன். தமிழில் எதற்குப் பஞ்சமோ இல்லையோ, புள்ளிக்குப் பஞ்சம். எந்த வார்த்தை வைத்தாலும் புள்ளி கேட்கிறது. முதல் ஆட்டம் பாதியிலேயே கிண்ணம் காலி. கண்ணன் கடைக்கு ஓடிப்போய் மறுபடியும் வெட்டிக்கொண்டு வந்தான். அந்தப் புள்ளிகள்தான் ஃபேன் போட்டால் பறப்பவை.

எழுத்து வில்லைகள் ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. ஜவுளிக்கடைப் பை. அதற்குள் கையை விடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும். நினைத்துப் பாருங்கள். மாட்டுத்தாவணியில் கண்டக்டர் கத்துவது, கோர்ட்டில் வக்கீல் வாதாடுவது, பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடுவது, தண்ணீர் லாரிக்காகச் சண்டை போடுவது... எல்லாம் இந்தக் கைப்பிடி வில்லைகளில்தான் இருக்கிறது. இனிமேல் யாரோ யாரிடமோ சொல்லப்போவதும் இதற்குள்தான். ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள்!

சரி, ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி மல்லிகா, கண்ணன், எதிர்வீட்டுச் செல்வராணி. செல்வராணி தல்லாகுளத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். என்னை அண்ணே என்பாள், மல்லிகாவை மதினி. வாரமெல்லாம் ஃபைலோடு மல்லுக்கட்டுகிறவள், ஞாயிறானால் எங்களோடு மல்லுக்கட்ட வந்துவிடுவாள். தோற்கவே பிடிக்காது அவளுக்கு.

எங்கள் ஆட்டத்துக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஆரம்பத்தில் ஒருநாள் மல்லிகா 'அம்புட்டு' என்று வைத்தாள். செல்வராணி ஒப்பவில்லை.

"மதினி, அது பேச்சு. வார்த்தை இல்ல."

"பேசுறது வார்த்தை இல்லேன்னா, பெறகு எதும்மா வார்த்தை?"

"எழுதுறப்ப அப்படி எழுதுவாகளா? இருங்க, டிக்ஷனரி பார்த்துருவோம்." செல்வராணி போனைத் திறந்தாள். நெட் சுற்றுகிறது... சுற்றுகிறது.

மல்லிகா காத்திருக்கவில்லை. இடதுபக்கம் உட்கார்ந்திருந்த கண்ணன் பக்கம் திரும்பினாள். "தம்பி, ராத்திரிக்குச் சாம்பார் அம்புட்டுத்தான் இருக்கு. போதுமா, ரசம் வைக்கவா?"

"போதும் மதினி. ரசமெல்லாம் எதுக்கு?" என்றான் கண்ணன், சாப்பாட்டு நினைப்பில்.

"பதில் சொல்லிட்டான்ல? அப்ப அது வார்த்தை!"

அதுவே சட்டமாகிவிட்டது. யாராவது 'இப்படி ஒரு வார்த்தை கிடையாது' என்று மறித்தால், வைத்தவர் தன் இடதுகைப் பக்கம் இருப்பவரிடம் அந்த வார்த்தையைப் போட்டு ஒரு பேச்சுப் பேச வேண்டும். அவர் புரிந்துகொண்டு வாயால் பதில் சொன்னால் வார்த்தை நிற்கும். திருதிருவென்று விழித்தால் வில்லைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பதில் வந்தால் வார்த்தை. வராவிட்டால் வெறும் எழுத்து.

கண்ணன் இதை வைத்து ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. 'டொபுக்கு' என்று வைத்துவிட்டு, "அண்ணே, உங்க வீட்டு மாங்கா டொபுக்குனு விழுந்துச்சுண்ணே" என்றான். "எந்தப் பக்கம்டா?" என்று நான் எழுந்தே விட்டேன். முழு மார்க்கு அவனுக்கு. எங்கள் வீட்டில் மாமரமே கிடையாது.

இப்போது செல்வராணி விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுக்கு ஒரே தம்பி, பாண்டி. திருவாதவூரில் விவசாயம். அக்காவும் தம்பியும் சில வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நம் ஊர்க்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். அவள் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, தெருவை அடைத்து ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மச்சான், கொழுந்தன், சம்பந்தி வகையறா, யாரென்றே தெரியாத குழந்தைகள்... அத்தனை முகமும் இருந்தது. பாண்டியின் முகம் மட்டும் இல்லை.

செல்வராணி மகளுக்குத் தாய்மாமன். சீர்த்தட்டுகளோடு, ஆட்களோடு, மேளத்தோடு வந்து இறங்கினான். ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தான். ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினான். அப்படியே சீர்த்தட்டோடு திரும்பிப் போய்விட்டான். வாசலில் நின்று நானும் பார்த்தேன். மேளக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

'ஒரு போட்டோவுக்காக வாசலோட திரும்புனவன்' என்று இவள். 'என் மூஞ்சி இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை' என்று அவன். அவ்வளவுதான். முடிந்தது.

முடிந்திருக்கும். ஆனால் இப்போது செல்வராணியின் மகள் யாழினிக்குக் கல்யாணம் வந்துவிட்டது. அவர்கள் குடும்பத்து வழக்கம், குலசாமிக்கு வைத்த கையோடு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அதுவும் வீட்டுக்குப் போய், தாம்பூலத் தட்டில் வைத்து, வாயால் 'வா' என்று கூப்பிட வேண்டும். அவனுக்கு வைக்காமல் வேறு யாருக்கும் வைக்க முடியாது. அச்சடித்து வந்த பத்திரிகைக் கட்டு பீரோவிலேயே கிடந்தது. முதல் மாலையும் மாமன் மாலைதான். யாழினி தினமும் கேட்கிறாள், "மாமா வருவாரா, மாட்டாராம்மா?" இவளுக்குப் போனை எடுக்கக் கை வரவில்லை. "கூப்பிட்டு அவன் வரமாட்டேன்னு சொல்லிட்டான்னா, எம்மக முகத்தை எப்படிண்ணே பார்ப்பேன்?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள்.

அந்த நிலைமையில்தான் சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிறு, கண்ணன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இவரு கடைக்குக் கபடிப் போட்டி ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தாரு. பிரிண்ட் ஆக நேரமாகும். சும்மா உக்காந்திருக்காரேன்னு ஒரு கை போடக் கூட்டியாந்தேன். உக்காருங்க மாப்ள."

பார்த்தால் பாண்டி!

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் மல்லிகாவைப் பார்த்தேன். கண்ணன் விட்டத்தைப் பார்த்தான். எல்லாம் தற்செயல் என்று இன்றுவரை சத்தியம் செய்கிறான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

விளையாட்டைச் சொல்லிக்கொடுத்து முடிக்கவில்லை, கேட் சத்தம். செல்வராணி. உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றாள். அவன் எழப்போனான்... எழவில்லை. யார் முதலில் வெளியேறினாலும் அது தோல்வி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா? இரண்டு பேருமே அசையவில்லை.

காலியாக இருந்தது ஒரே இடம். பாண்டிக்கு இடதுகைப் பக்கம். முழங்கால் படாமல், சேலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மதினி, இன்னைக்கு வெளியாளெல்லாம் வந்திருக்காக போல" என்றாள் மல்லிகாவிடம்.

"மாப்ள, வெளியாளு எந்திரிக்கணும்னா நேராச் சொல்லச் சொல்லுங்க" என்றான் அவன் கண்ணனிடம்.

"எந்திரிக்கச் சொல்ல நான் யாரு மதினி?"

"அதேதேன் மாப்ள நானும் கேக்குறேன்."

நடுவில் நான் பையைக் குலுக்கி நீட்டினேன். வேறென்ன செய்ய?

ஆட்டம் தொடங்கியது. ஃபேன் வேறு இல்லையா, வியர்வை ஒழுகுகிறது. மல்லிகா தட்டு நிறையக் கருப்பட்டிப் பணியாரம் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். வாயை எதிலாவது அடைத்து வைக்கலாம் என்ற நல்லெண்ணம்தான்.

பாண்டி புது ஆள். வில்லையை விரலால் தடவித் தடவிப் பார்த்து மெதுவாக வைத்தான். செல்வராணி சுறுசுறுப்பு. அவள் 'வாசல்' என்று வைத்தாள். சாதாரண வார்த்தைதானே? அடுத்த சுற்றில் அவன் 'முகம்' என்று வைத்தான். அவள் நிமிர்ந்து அந்த வார்த்தையைப் பார்த்தாள், ஆளைப் பார்க்கவில்லை. அதற்கடுத்து அவள் வைத்தது... 'ரோசம்'.

பையில் கைவிட்டுக் குருட்டாம்போக்கில் எடுக்கிற எழுத்துகள். எது வரும் என்று யாருக்குத் தெரியும்? வந்த நாலைந்து எழுத்தை வைத்து 'மரம்' வைக்கலாம், 'வாரம்' வைக்கலாம், 'சோறு' வைக்கலாம். ஆனால் மனசில் எது கிடக்கிறதோ அதைத்தான் கை தேடிப் பிடிக்கிறது. பேசமாட்டோம் என்று சபதம் போட்ட இரண்டு பேர், ஒரு பழைய ஃப்ளெக்ஸின் முதுகில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்!

யாரும் எந்த வார்த்தையையும் மறிக்கவில்லை. பாண்டி வைத்ததை மறித்தால் அவன் இடதுபக்கம் திரும்பிப் பேச வேண்டி வருமே. கண்ணனைக்கூட நான் கண்ணால் அடக்கி வைத்திருந்தேன்.

மல்லிகா பாவம், கையில் வேறு எழுத்து இல்லாமல் 'சாணி' என்று வைத்தாள். கண்ணன் சிரித்தான். அவள் முறைத்தாள்.

பாண்டியின் முறை. வெகுநேரம் பலகையைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். பணியாரம் எல்லாம் தீர்ந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. நாகரிகத்துக்காக யாரும் தொடாமல் விடுகிற அந்தக் கடைசி ஒன்று. பிறகு ஒரு 'ம'வை எடுத்துக் கொக்கி வைத்தான். ஒரு 'ச'வை எடுத்தான். கிண்ணத்தைத் துழாவி, கடைசிப் புள்ளியை நகத்தால் கிள்ளி எடுத்து அதன்மேல் வைத்தான். இரண்டையும் 'சாணி'க்கு முன்னால் தள்ளினான்.

மிச்சாணி.

"மாப்ள!" என்று கண்ணன் குதித்தான். நான் கண்ணைக் காட்டுவதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. "மிச்சம் தெரியும், சாணி தெரியும். மிச்சாணி என்னங்க மிச்சாணி? அப்படி ஒரு வார்த்தையே கெடையாது. பேசிக் காட்டுங்க, இல்லேன்னா எடுங்க."

சொன்ன பிறகுதான் பாண்டிக்கு இடதுபக்கம் யார் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தெருவில் யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிற சத்தம் மட்டும்.

செல்வராணி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டி வில்லைகளை எடுக்கக் கையை நீட்டினான். போயிற்று, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கை பாதியில் நின்றது. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தட்டுல... மிச்சாணி கெடக்கு."

நாங்கள் மூன்று பேரும் செல்வராணியைப் பார்த்தோம். அவள் கை போயிற்று. தானாகப் போயிற்று. அந்தக் கடைசிப் பணியாரத்தை எடுத்தாள், இரண்டாகப் பிய்த்தாள், தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், அவன் பக்கமாகத் தள்ளினாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணன் மெதுவாக, "அக்கா... சட்டப்படி வாயால பதில் வரணும்" என்றான். அந்த நேரத்தில் சட்டம் பேசத் துணிந்தவனைத் திட்டுவதா கும்பிடுவதா?

செல்வராணி தம்பியை நேராகப் பார்த்தாள்.

"பெருசை எடுத்த... கையை ஒடிச்சுப்புடுவேன்."

பாண்டி சின்னத் துண்டை எடுத்தான். எடுத்தவன் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

பிறகுதான் விவரம் தெரிந்தது. சிறுபிள்ளையில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்களாம். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தால் அதற்குப் பெயர் மிச்சாணி. யார் வைத்த பெயர், எப்போது வைத்தது, இருவருக்குமே தெரியாது. முதலில் பார்த்தவர் 'மிச்சாணி' என்று சொல்லிவிட்டால், மற்றவர் அதைப் பாதியாகப் பிய்த்தே ஆக வேண்டும். சொன்னவர் முதலில் எடுத்துக்கொள்ளலாம். மாட்டேன் என்று சொல்ல முடியாது. எவ்வளவு சண்டையில் இருந்தாலும் முடியாது. அது அவர்களுடைய சட்டம்.

யோசித்துப் பாருங்கள். உலகத்தில் இரண்டே இரண்டு பேருக்குத் தெரிந்த ஒரு வார்த்தை. எந்த அகராதியிலும் இல்லை. அவள் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இத்தனை வருஷம் இருவர் நாக்கிலும் வேலையில்லாமல் கிடந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளிடம் பேச்சு வார்த்தை இல்லை!

அது வெளியே வர என்னவெல்லாம் வேண்டியிருந்தது? மல்லிகாவுக்கு வேறு எழுத்து கிடைக்காமல் போக வேண்டியிருந்தது. கிண்ணத்தில் ஒரே ஒரு புள்ளி மிஞ்ச வேண்டியிருந்தது. தட்டில் ஒரே ஒரு பணியாரமும். பெரிய பக்திமான் இல்லை நான். ஆனாலும் அந்த மஞ்சள் பையைப் பார்த்து அன்றைக்குக் கை தானாகக் குவிந்தது.

சரி, பேச்சு திறந்துவிட்டது. திறந்தால் நம்மூரில் சும்மா இருப்பார்களா?

"சின்னதையா எடுக்குற? இன்னும் கோவமா?" இது அக்கா.

"கோவம் இருந்தா கேட்டுருப்பனா?" இது தம்பி.

"போட்டோ குடுத்தேன்டா நான். காதுகுத்துல எடுத்தது, வெள்ளைச் சட்டையோட. குடுக்காம இருப்பேனா? இந்தா உக்காந்திருக்காரே, இவரு கடையிலதான் குடுத்தேன்."

எல்லோரும் கண்ணனைப் பார்த்தோம். எனக்கும் இது புதுச் செய்தி. அவன் மெதுவாகப் பின்னால் நகர்ந்தான்.

"அக்கா... எடம் பத்தல அக்கா. போட்டோ வேற தெளிவா இல்ல. கடைசி நேரம். முப்பது மூஞ்சி..."

"மாப்ள, நீயா?" என்றான் பாண்டி. "என் மூஞ்சிய எடுத்துப்புட்டு, இத்தனை நாளா என்கிட்டயே கபடி ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் வாங்கியிருக்க?"

"அதான் மாப்ள... மனசு கேக்காமத்தான..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். தற்செயல் என்று சத்தியம் செய்திருக்கிறானே!

"இதை ஒரு போன்ல சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீ வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லடா?"

செல்வராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"பத்திரிகை அப்படியே அடுக்கிக் கெடக்கு. ஒனக்கு வைக்காம ஒருத்தருக்கும் வைக்க முடியல. யாழினி சோறு எறங்காமத் திரியுறா."

"எப்ப வாரீக?"

"நாளைக்கே வாரோம்."

"நாளைக்கு நடவுக்கு ஆளு வருதுக்கா. வீட்டுல ஒருத்தரும் இருக்கமாட்டோம். நாளைக்கழிச்சு வாங்க. கோழி அடிச்சு வைக்கச் சொல்றேன்."

அவ்வளவுதான். காலில் விழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நடவுக்கு ஆள் வருகிறது, கோழி அடிக்கிறோம்... சில வருஷத்து மௌனம் முடிந்துவிட்டது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாரேன்க்கா" என்றான். இந்த வார்த்தையை நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம், எத்தனை முறை கேட்கிறோம்? செல்வராணி அதைக் கேட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

மிச்சாணிக்கு முழு மார்க்கு கொடுத்தோம். இருந்தாலும் ஆட்டத்தில் ஜெயித்தது கண்ணன்தான். அவன் எப்படி ஜெயித்தான் என்று கேட்காதீர்கள், நாங்கள் யாரும் கவனிக்கும் நிலையில் இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன். வார்த்தை என்பது எழுதுகிறவன் கையில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். மல்லிகா ஒரு சாம்பார் விஷயத்தில் போட்ட சட்டம், எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. சொல்கிறவன் பாதிதான் செய்கிறான். மீதிப் பாதி எதிரில் இருப்பவர் கையில். அவர் பிய்த்துத் தள்ளினால்தான் உண்டு.

கல்யாணம் அடுத்த வாரம். முந்தாநாள் மண்டபத்தில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. கண்ணன் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தது. பிராயச்சித்தமாம். நடுவில் பாண்டி, வெள்ளைச் சட்டையோடு, இரு கை கூப்பி, ஆளுயரத்துக்கு நிற்கிறான். மாப்பிள்ளை ஓரத்தில், பாண்டியின் தோள் அளவுக்குத்தான் இருக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் செல்வராணியோடு பேசவில்லை என்று கேள்வி.

இந்த ஞாயிறு அவர்களையும் விளையாடக் கூப்பிட்டிருக்கிறோம்... கண்ணன் புள்ளி வெட்டிக்கொண்டிருக்கிறான்.